தைராய்டு மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும்: ஒரு வரலாறு

தைராய்டு சுரப்பி உடலுக்குத் தேவையான அளவு ஹார்மோனைச் சுரக்காத நிலை தைராய்டு குறைபாடு (ஹைப்போதைராய்டிசம்) எனப்படும். குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்து ஈடுசெய்வதே இதற்குரிய சிகிச்சை. இச்சிகிச்சை 1891-இல் தொடங்கியது. கொடுக்கும் அளவு சரியானதுதானா என்பதை ஒருவரின் இரத்தத்தைக் கொண்டு கணிக்க அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அக்கணிப்பு ஓரளவு நம்பத்தக்கதாக மாற மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு காலம் ஆனதற்குக் கருவிகளின் குறை மட்டும் காரணமன்று. தைராய்டுப் பரிசோதனைகள் பெரும்பாலும் நோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டறிவதற்காக உருவாக்கப்பட்டவை. அவற்றின் இயல்பு அளவுகள் சுரப்பி ஒழுங்காக வேலை செய்வோரிடமிருந்து பெறப்பட்டவை. மாத்திரை உட்கொள்வோருக்கு ஹார்மோன் சுரப்பியிலிருந்து வருவதில்லை; குடலின் வழியாக, நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே அதே எண் அவர்களிடம் வேறு பொருள் தரக்கூடும். ஒவ்வொரு புதிய பரிசோதனை வந்தபோதும் மருத்துவ உலகம் இதை மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

ஆட்டுச் சுரப்பியின் காலம்

கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயைத் தழுவி அமைந்துள்ள இச்சுரப்பிக்கு 1656-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். தமிழ்ப் பாடநூல்களில் 'கேடயச் சுரப்பி' என்ற பெயர் வந்தது இதனால்தான். ஆனால் அது செய்யும் வேலை என்ன என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தெரியவில்லை.

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுத்தர வயதுப் பெண்களிடம் முகம் உப்பி, பேச்சு தடித்து, அறிவும் உடலும் மந்தமாகும் ஒரு நிலையை விவரித்தார். 1878-இல் வில்லியம் ஆர்ட் அதற்கு 'மிக்சிடீமா' என்று பெயர் சூட்டினார். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் முன்கழுத்துக் கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் அறுத்தெடுத்த நோயாளிகள் சிலர் சில மாதங்களில் இதே தோற்றத்தை அடைந்ததைத் தியோடர் கோக்கரும் ஜாக் லூயி ரெவெர்தனும் கண்டனர். இரண்டும் ஒரே குறைபாட்டின் விளைவுகள் என்பதை இலண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றின் குழு 1888-இல் வெளியிட்ட அறிக்கை உறுதிப்படுத்தியது.

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரில் ஜார்ஜ் ரெட்மேய்ன் மர்ரே என்ற இளம் மருத்துவர் 1891-இல் ஆட்டின் தைராய்டிலிருந்து கிளிசரின் கொண்டு வடித்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில வாரங்களில் முகத்தின் வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, வறண்ட தோல் மறுபடி வியர்க்கத் தொடங்கியது. மறு ஆண்டே சுரப்பியை வாய்வழி கொடுத்தாலும் பயன் உண்டு என்பது தெரியவந்தது. இலேசாகப் பொரித்த ஆட்டுத் தைராய்டைப் பழப்பாகுடன் உண்ணுமாறு எட்வர்ட் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் பரிந்துரைத்தார். மர்ரேயின் நோயாளி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல், தம் 74-ஆம் வயதில், இதயம் செயலிழந்து காலமானார். அத்தனை ஆண்டுகளிலும் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டதாக மர்ரே பின்னர் கணக்கிட்டு எழுதினார்.

இந்த 28 ஆண்டுகளில் அவருக்கு ஒரு தைராய்டு இரத்தப் பரிசோதனைகூட நடக்கவில்லை. அப்படி ஒன்று அன்று உலகில் இல்லை. முகத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்து, உடல் வெப்பத்தையும் எடையையும் குறித்து அளவு தீர்மானிக்கப்பட்டது. படபடப்பு வந்தால் மருந்து குறைக்கப்பட்டது. சோம்பல் திரும்பினால் கூட்டப்பட்டது. இம்முறை முரட்டுத்தனமானது என்று இன்று தோன்றலாம். ஆயினும் ஏறத்தாழ உயிர்போகும் நிலையில் இருந்தவர்கள் இதனால் முழு ஆயுளும் வாழ்ந்தனர் என்பதை மறுக்க இயலாது.

மூச்சை அளந்த முறை

முதல் எண் இரத்தத்திலிருந்து வரவில்லை, மூச்சிலிருந்து வந்தது. பெர்லினில் அடோல்ஃப் மாக்னஸ்-லெவி 1895-இல் தைராய்டு குறைந்தவர்கள் ஓய்வில் செலவிடும் ஆக்சிஜன் இயல்பைவிடக் குறைவு என்பதையும், சுரப்பியை உண்ணக் கொடுத்தால் அது கூடுகிறது என்பதையும் காட்டினார். இதுவே அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் என்ற அளவீடாக வளர்ந்தது. 1920-களில் இதற்கான கருவிகள் மருத்துவமனைகளில் பரவின. நோயாளி முந்தைய இரவிலிருந்து உண்ணாமல் வந்து, அசையாமல் படுத்து, மூக்கை இடுக்கியால் அடைத்துக்கொண்டு குழாய் வழியே மூச்சுவிட வேண்டும்.

சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்க உதவிய முதல் அளவீடு என்ற பெருமை இதற்கு உண்டு. குறைகளும் வெளிப்படை. பயந்தவருக்கும் காய்ச்சல் உள்ளவருக்கும் எண் கூடும். பட்டினி கிடந்தவருக்குக் குறையும். இரத்தக் கொலஸ்ட்ரால், கணுக்கால் அனிச்சைச் செயலின் வேகம் போன்றவற்றையும் மருத்துவர்கள் துணைக்குச் சேர்த்துக்கொண்டனர். தைராய்டு குறையும்போது கொலஸ்ட்ரால் உயர்வதும், கணுக்கால் தசை இளகத் தாமதமாவதும் உண்மையே. ஆனால் இவை ஹார்மோனின் விளைவுகளே தவிர ஹார்மோன் அல்ல.

அயோடினை எண்ணிய காலம்

1895-இல் ஜெர்மனியின் ஓய்கன் பௌமன் தைராய்டில் அயோடின் இருப்பதைக் கண்டறிந்தார். 1914 கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் அச்சுரப்பியின் ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இதுவே தைராக்சின். சுமார் 3 டன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். 1926-இல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, மறு ஆண்டு ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து ஆய்வகத்தில் தயாரித்தார். ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் இது 'டி4' எனப்படுகிறது.

விலை மிகுந்திருந்ததாலும் குடலில் நன்கு உறிஞ்சப்படாததாலும் தூய தைராக்சின் பல ஆண்டுகள் பரவலாகப் பயன்படவில்லை. அதன் சோடியம் உப்பு 1940-களின் இறுதியில் வந்தபிறகே நிலைமை மாறியது. அதுவரையிலும், அதன்பின் நெடுங்காலமும், உலர்த்திப் பொடித்த விலங்குச் சுரப்பி மாத்திரைகளே பெரும்பாலோர் உண்டவை. இவற்றின் வீரியம் அயோடின் அளவைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. அயோடின் இருந்தால் ஹார்மோன் இருக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை எப்போதும் பலிக்கவில்லை.

இதே நம்பிக்கையின் மீதுதான் முதல் தைராய்டு இரத்தப் பரிசோதனையும் கட்டப்பட்டது. இரத்தத்தில் தைராக்சின் பெரும்பகுதி புரதங்களுடன் பிணைந்தே செல்கிறது. புரதத்தை வீழ்படிவாக்கி, அதிலுள்ள அயோடினை அளந்தால் ஹார்மோனை மறைமுகமாக அளந்ததாகும். புரதப் பிணைப்பு அயோடின் என்ற இச்சோதனை 1940-களிலும் 50-களிலும் பரவி, 1960-கள் முடிய ஆதிக்கம் செலுத்தியது. 100 மில்லிலிட்டருக்கு 4 முதல் 8 மைக்ரோகிராம் என்பது பொதுவாக இயல்பெனக் கொள்ளப்பட்டது.

அயோடின் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும், எக்ஸ்ரே படத்துக்காக அயோடின் சாயம் செலுத்தப்பட்டவருக்கும் இந்த எண் தாறுமாறாக உயர்ந்தது. சில சாயங்களின் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆனால் அதைவிட நுட்பமான சிக்கல் மாத்திரை உட்கொள்வோரிடம் இருந்தது. தூய தைராக்சின் எடுத்துக்கொண்டு நலமாக இருந்தவர்களின் எண் பலமுறை இயல்பின் மேல் எல்லையைத் தாண்டியே நின்றது. உலர் சுரப்பி உண்டு அதே அளவு நலமாக இருந்தவர்களின் எண் இயல்புக்குள்ளோ சற்றுக் கீழாகவோ இருந்தது.

காரணம் 1952-இல் தெரிந்தது. இலண்டனில் ஜேக் கிராஸ், ரோசலின்ட் பிட்-ரிவர்ஸ் இருவரும் மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட மற்றொரு ஹார்மோனை இரத்தத்தில் கண்டறிந்தனர். 'டி3' எனப்படும் இது தைராக்சினைவிடப் பலமடங்கு வீரியமும் வேகமும் கொண்டது. உலர் சுரப்பியில் இரண்டும் இருந்தன. டி3 மிகச் சிறிய அளவிலேயே வேலையை முடித்துவிடுவதால் இரத்தத்தில் அது சேர்க்கும் அயோடின் சொற்பம். டி3 மட்டும் உண்டவரிடம் புரதப் பிணைப்பு அயோடின் நோயாளியினதைப் போலத் தாழ்ந்திருந்தது. ஆள் என்னவோ நலமாக இருந்தார். நோயாளி எந்த மாத்திரையை விழுங்குகிறார் என்று தெரியாமல் அறிக்கையைப் படிப்பவர் தவறாகவே படிப்பார்.

1960-களில் டி4, டி3 இரண்டையும் 4-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்த செயற்கை மாத்திரைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. இயற்கைச் சுரப்பியை ஒத்திருக்க வேண்டும் என்பதோடு, பரிசோதனை எண் இயல்பாக வர வேண்டும் என்பதும் இவற்றின் நோக்கங்களில் ஒன்று. மருந்தை அளக்கச் சோதனை என்றில்லாமல், சோதனைக்கு ஏற்ற மருந்து என்ற விந்தையான நிலை சிறிது காலம் நிலவியது.

1970: சுரப்பி இல்லாதவர்களிடம் டி3

அக்கலவை மாத்திரைகளுக்கான தேவையை ஓர் ஆய்வு பெருமளவு குறைத்துவிட்டது. லூயிஸ் பிரேவர்மன், சிட்னி இங்பார், கென்னத் ஸ்டெர்லிங் ஆகியோர் தைராய்டே செயல்படாத, தூய டி4 மட்டும் உட்கொண்ட நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். அவர்களிடம் டி3 இருந்தது. மாத்திரையில் டி3 இல்லை. அதைச் சுரக்கச் சுரப்பியும் இல்லை. உடலின் பிற திசுக்களே டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி டி3-ஐ ஆக்கிக்கொள்கின்றன என்பது இவ்வாறு 1970-இல் உறுதியாயிற்று. ஆரோக்கியமானவர்களிடமும் நாள்தோறும் உருவாகும் டி3-இல் சுமார் 80 விழுக்காடு சுரப்பிக்கு வெளியே, டி4-இலிருந்தே கிடைக்கிறது.

தைராய்டு பற்றிய அடிப்படை அறிவியலின் முக்கியமான ஓர் உண்மை மாத்திரை உட்கொள்வோரிடமிருந்தே கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. இதன்பின் டி4 மட்டும் கொடுத்தால் போதும், உடல் தனக்கு வேண்டிய டி3-ஐ ஆக்கிக்கொள்ளும் என்ற கொள்கை நிலைபெற்றது. இன்றும் உலகெங்கும் இதுவே வழக்கம். இக்கொள்கை எல்லோருக்கும் முழுமையாகப் பொருந்துமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது.

பிட்யூட்டரியைக் கேட்கும் சோதனை

நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1950-களின் இறுதியில் கதிரியக்க அயோடினையும் எதிர்ப்பொருளையும் பயன்படுத்தி, இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிலுள்ள இன்சுலினை அளக்கும் வழியைக் கண்டனர். இம்முறையால் பின்னர் டி4, டி3 இரண்டையும் அயோடினின் துணையின்றி நேரடியாக அளக்க முடிந்தது. ஆனால் மாத்திரை உட்கொள்வோரைப் பொறுத்தவரை பெரிய திருப்பம், 1965-இல் ராபர்ட் உட்டிகர் முதலானோர் இம்முறையை டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனுக்குப் பயன்படுத்தியதுதான்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டுவதற்காக அனுப்புவது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டும், மிகுந்தால் நிறுத்திவிடும். தைராய்டு மருந்தைப் பற்றிய அறிக்கையில் எண் கூடினால் மருந்து போதவில்லை என்றும், குறைந்தால் மருந்து மிகுதி என்றும் தலைகீழாகப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான். புதிதாக அறிக்கையைக் கையில் வாங்குவோர் பலர் இன்றும் தடுமாறும் இடம் இது.

இதற்கு ஒரு பெரும் சிறப்பு உண்டு. முந்தைய சோதனைகள் மாத்திரையிலிருந்து இரத்தத்துக்கு வந்ததை அளந்தன. இது, அது போதுமா என்று உடலின் ஓர் உறுப்பையே கேட்கிறது. மேலும் பிட்யூட்டரி மிகைப்படுத்திப் பேசும் சாட்சி. டி4-இல் இரு மடங்கு மாற்றம் நேர்ந்தால் டி.எஸ்.எச்.-இல் ஏறத்தாழ நூறு மடங்கு மாற்றம் நேரும். டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். எல்லை தாண்டுவது இதனால் விளங்கும்.

ஆனால் முதல் தலைமுறைச் சோதனைகளால் உயர்ந்த அளவை மட்டுமே அறிய முடிந்தது. லிட்டருக்கு 1 மில்லி அலகுக்குக் கீழே அவை குருடாயின. மருந்து போதாதவரைக் கண்டுபிடிக்கலாம். மிகுதியாக உண்பவரையும் சரியாக உண்பவரையும் பிரித்தறிய முடியாது. இக்குறையை ஈடுசெய்ய, பிட்யூட்டரியைத் தூண்டும் டி.ஆர்.எச். என்ற பொருளை ஊசியில் ஏற்றி அதன் பின் டி.எஸ்.எச். உயர்கிறதா என்று பார்த்தனர். டி.ஆர்.எச்.-இன் அமைப்பை 1969-இல் கண்டறிந்த ரோஜர் கியெமனும் ஆண்ட்ரூ ஷாலியும், யாலோவும் 1977-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெர்சன் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

அளவு குறைந்தது

டி.எஸ்.எச். சோதனை வந்தவுடன் தெரிந்த முதல் செய்தி, பல்லாயிரம் பேர் தேவைக்கு மேல் மருந்து உண்டு வந்தனர் என்பது. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் கொடுப்பது அதுவரை இயல்பான வழக்கம். 1974-இல் அமெரிக்காவில் ஸ்டாக், சர்க்ஸ், ஓப்பன்ஹைமர் ஆகியோர் டி.எஸ்.எச்.-ஐக் கொண்டு இதை மறு ஆய்வு செய்து, பெரும்பாலோருக்கு அதைவிடக் குறைவே போதும் என்றனர். 1987-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் சராசரித் தேவை 112 மைக்ரோகிராம் என்று வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று இன்று கூறப்படும் கணக்கு இதையொட்டியது.

1974-க்கும் 1987-க்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு பங்கு மாத்திரையைச் சேர்ந்தது. முந்தைய மாத்திரைகளில் அட்டையில் குறித்திருந்ததைவிடக் குறைவான ஹார்மோனே இருந்தது என்பது துல்லியமான வேதிப் பகுப்பாய்வு முறைகள் வந்தபின் 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்து, உற்பத்தி திருத்தப்பட்டது. அமெரிக்காவில் இம்மருந்துக்கு முறையான அரசு ஒப்புதலே இல்லை என்பதும், 1997-இல்தான் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதைக் கட்டாயமாக்கி 2000-இல் முதல் ஒப்புதலை வழங்கியது என்பதும் இன்று பலருக்கு வியப்பளிக்கும். ஒரே ஆளிடம் டி.எஸ்.எச். மாறும்போது, மாறியது ஆளா மாத்திரையா என்ற ஐயம் நியாயமானதே. நிறுவனம் மாற்றி வாங்கினால் ஆறு வாரம் கழித்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

கிளாஸ்கோவின் எதிர்ப்பு

1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே கேள்வியாக இருந்தது: தைராக்சின் உட்கொள்வோரைக் கண்காணிப்பதில் இரத்தப் பரிசோதனைகளால் ஏதேனும் பயன் உண்டா? ஃப்ரேசரும் அவருடைய கிளாஸ்கோ சகாக்களும் 148 நோயாளிகளை நேரில் ஆராய்ந்து, மருந்து போதுமானவர், குறைவானவர், மிகுதியானவர் என்று அறிகுறிகளைக் கொண்டு பிரித்தனர். பிறகு அவர்களின் டி4, டி3, டி.எஸ்.எச். எண்களுடன் ஒப்பிட்டனர். எண்கள் அந்தப் பிரிவுகளைச் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை. நலமாக இருந்தவர்கள் பலரின் டி4 இயல்பைவிட உயர்ந்தும் டி.எஸ்.எச். தாழ்ந்தும் இருந்தன. ஆரோக்கியமானவர்களுக்கான எல்லைகளை மாத்திரை உட்கொள்வோருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் பாதி இன்றும் நிற்கிறது. சுரப்பி இல்லாதவர் தம் டி3 முழுவதையும் டி4-இலிருந்தே ஆக்க வேண்டும். சுரப்பி நேரடியாகத் தந்துகொண்டிருந்த சிறு பங்கு இல்லை. எனவே டி.எஸ்.எச். இயல்பாக இருக்க அவருக்குச் சற்றுக் கூடுதலான டி4 தேவைப்படுகிறது. மாத்திரை உண்பவரின் டி4 மேல் எல்லையை ஒட்டியிருப்பது தன்னளவில் பிழையன்று. மற்றப் பாதி நிற்கவில்லை. அறிகுறியை அளவுகோலாக வைத்துச் சோதனையை எடைபோட்டால், அறிகுறியாக வெளிப்படாத தீங்கு கணக்கில் வராமலே போகும்.

அத்தகைய தீங்கு உண்டு என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 1980-களில் இரு எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளக்கும் நுண்ணுணர்வுச் சோதனைகள் வந்து, டி.எஸ்.எச்.-இன் கீழ் எல்லை முதலில் 0.1 ஆகவும் பின்னர் 0.01 ஆகவும் இறங்கியது. டி.ஆர்.எச். ஊசிக்குத் தேவை ஏறக்குறைய மறைந்தது. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் ஒரு பகுதி 1994-இல் வெளிவந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் டி.எஸ்.எச். 0.1-ஐ எட்டாத அளவுக்குத் தாழ்ந்தோருக்கு அடுத்த பத்தாண்டுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புச் சீர்கேடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் எலும்பு தேய்வதும் வேறு ஆய்வுகளில் தெரிந்தது. இவர்களில் பலர் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே சொல்லியிருப்பார்கள்.

அறிக்கையைப் படிக்கும் முறை உருவானது

டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். அளவை மாற்றினால் புதிய சமநிலை ஏற்பட ஐந்தாறு வாரங்கள் தேவை. பிட்யூட்டரி அதைப் பின்தொடர மேலும் சிறிது காலம். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் எடுத்த டி.எஸ்.எச். பழைய அளவின் நிழலையே காட்டும். இந்த வேக வேறுபாட்டால் ஒரு பயனும் கிடைத்தது. மாதக்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டுச் சோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஒழுங்காக விழுங்கியவரின் டி4 நன்றாக இருக்கும், டி.எஸ்.எச். உயர்ந்தே இருக்கும். இந்தப் பொருந்தா இணையைக் கண்டால் அளவைக் கூட்டுமுன் பேசிப் பார்ப்பது நல்லது என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில் அறிந்தனர்.

மாத்திரை விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இரத்தத்தில் டி4 உச்சத்தை அடைகிறது. ஆய்வக அறிக்கைகளில் 'ஃப்ரீ டி4' எனப்படும், புரதத்துடன் பிணையாத டி4 அப்போது 15 முதல் 20 விழுக்காடு வரை கூடிக் காணப்படலாம். டி.எஸ்.எச். அவ்வளவு விரைவில் அசைவதில்லை. காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுமாறு கூறுவது இதனால்தான். இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் நான்கு மணி நேர இடைவெளி சொல்லப்படுகிறது. காபியும் உறிஞ்சலைக் குறைப்பது உண்டு.

பெண்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது தைராக்சினைச் சுமக்கும் புரதமும் கூடுகிறது. மொத்த டி4-ஐ மட்டும் அளந்த காலத்தில், கருவுற்றவருக்கும் கருத்தடை மாத்திரை உண்பவருக்கும் எண் உயர்ந்து தைராய்டு மிகுதி போலத் தோன்றியது. சுரப்பி நலமாக உள்ளவர்களிடம் இது தோற்றம் மட்டுமே. சுரப்பி தேவைக்கேற்பக் கூட்டிச் சுரந்துவிடும். மாத்திரையை நம்பியிருப்பவருக்கு அவ்வாறு கூட்டித் தர யாருமில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை தொடங்கிய தைராய்டு நோயாளிகளில் பலருக்குத் தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதை அராஃபா 2001-இல் காட்டினார். 2004-இல் பாஸ்டனில் எரிக் அலெக்சாண்டர் குழுவினர் கருவுற்ற நோயாளிகளைத் தொடர்ந்து சோதித்ததில், தேவை ஐந்தாம் வாரத்திலேயே உயரத் தொடங்கி, முதல் பாதிக்குள் சராசரியாக 47 விழுக்காடு கூடியது. கருவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கும் வாரங்கள் அவை. கருவுற்றது தெரிந்தவுடன் சோதிக்க வேண்டும் என்ற விதி இதனால் வலுப்பெற்றது.

டி.எஸ்.எச்.-ஐ அறவே நம்பக்கூடாத நிலைகளும் உண்டு. பிட்யூட்டரியே பழுதானவரிடம் அதன் சாட்சியத்துக்கு மதிப்பில்லை. அங்கே ஃப்ரீ டி4-ஐக் கொண்டே அளவு தீர்மானிக்கப்படுகிறது. தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு டி.எஸ்.எச். வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்படுகிறது. அவர்களுக்கு ஆய்வகம் அச்சிடும் இயல்பு எல்லை பொருந்தாது. அண்மைக் காலத்தில் சேர்ந்தது பயோட்டின். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று மிகுந்த அளவில் விற்கப்படும் இவ்வைட்டமின், பயோட்டினைப் பிணைப்பானாகப் பயன்படுத்தும் சோதனைக் கருவிகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். மருந்து மிகுதி என்று நினைத்துச் சரியான அளவைக் குறைத்துவிட இது போதும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

எண் சரி, ஆள் சரியில்லை

டி.எஸ்.எச். இயல்பாக இருந்தும் சோர்வு, மறதி, எடை கூடுதல் என்று முறையிடுவோர் எப்போதும் இருந்துள்ளனர். நெடுங்காலம் இவர்களுக்குக் கிடைத்த பதில், அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதே. இம்முறையீட்டை ஆய்வுலகம் இரு வழிகளில் அணுகியது.

முதல் வழி, இயல்பு என்பதன் அகலத்தைக் கேள்வி கேட்டது. டென்மார்க்கில் ஸ்டிக் ஆண்டர்சன் குழுவினர் 16 ஆரோக்கியமான ஆண்களை ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் சோதித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொருவரின் ஏற்ற இறக்கமும் பொது இயல்பு எல்லையின் சுமார் பாதி அகலத்துக்குள் அடங்கியது. அந்தப் பாதி எங்கே அமைகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அப்படியானால் டி.எஸ்.எச். 1 என்பதைத் தம் இயல்பாகக் கொண்டிருந்த ஒருவர், சிகிச்சையில் 3.8 என்று வந்தால் தமக்குரிய இடத்தில் இல்லை எனலாம். நோய் வருமுன் எடுத்த அறிக்கை கையிலிருப்பவர்கள் குறைவு என்பதால் இதை நடைமுறையில் பயன்படுத்துவது கடினம். மேலும் ஆஸ்திரேலியாவில் ஜான் வால்ஷ் குழுவினர் 56 பேருக்குத் தெரியாமலேயே அளவைச் சிறிது சிறிதாக மாற்றிக் கொடுத்து 2006-இல் கண்டது வேறு: டி.எஸ்.எச். மாறியது, அவர்களின் நலவுணர்வில் அளக்கத்தக்க மாற்றம் இல்லை. சிறு மாற்றங்களைத் துரத்துவதில் பயன் குறைவு என்பதற்கு இது வலுவான சான்று.

இரண்டாம் வழி டி3-க்குத் திரும்பியது. 1999-இல் லித்துவேனியாவின் ரோபர்தாஸ் புனேவிச்சியஸ், 33 நோயாளிகளுக்கு டி4-இல் 50 மைக்ரோகிராமைக் குறைத்து அதற்குப் பதில் 12.5 மைக்ரோகிராம் டி3 கொடுத்ததில் மனநிலையும் நினைவாற்றலும் மேம்பட்டதாக அறிவித்தார். உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. அடுத்தடுத்த ஆய்வுகள் பெரும்பாலும் அதை உறுதிசெய்யவில்லை. 11 ஆய்வுகளையும் அவற்றின் 1,216 நோயாளிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பு இரு சிகிச்சைகளுக்கும் வேறுபாடு இல்லை என்றது. ஆனால் இத்தாலியின் கத்தானியா நகரிலிருந்து 2011-இல் வந்த ஆய்வு, தைராய்டு அகற்றப்பட்ட 1,800-க்கும் மேற்பட்டோரில், டி.எஸ்.எச். இயல்பாக இருந்தும் ஐந்தில் ஒரு பங்கினரின் டி3 அல்லது டி4 எல்லைக்கு வெளியே இருப்பதைக் காட்டியது. பிட்யூட்டரி திருப்தியடைந்தால் உடலின் எல்லாத் திசுக்களும் திருப்தியடைந்துவிட்டன என்ற முடிவுக்கு இது பொருந்தவில்லை.

2012-இல் ஐரோப்பிய தைராய்டு சங்கம் டி4 தனியாகக் கொடுப்பதே முதன்மைச் சிகிச்சை என்று உறுதிசெய்தது. டி.எஸ்.எச். இயல்பாகியும் குறைகள் நீங்காதவர்களுக்கு, வேறு காரணங்களைத் தேடிப் பார்த்தபின், டி3 சேர்த்துச் சோதனை முறையில் கொடுக்கலாம் என்றும், மூன்று மாதங்களில் பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்றும் அது கூறியது. அவ்வாறு டி3 உட்கொள்வோரின் அறிக்கையைப் படிக்கும்போது 1950-களின் பழைய சிக்கல்தான் திரும்ப வருகிறது. அவர்களின் டி4 தாழ்ந்திருக்கும். டி3 மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் உயர்ந்து, ஒரு நாளுக்குள் பெருமளவு இறங்கிவிடும். இரத்தம் எடுத்த நேரமும் கடைசி மாத்திரையின் நேரமும் அறிக்கையில் குறிக்கப்படாவிட்டால் அவர்களின் டி3 எண்ணைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது.